மெதுவாக ஓடக் கற்றவர்கள்

1970 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் அந்நகரத்தின் முதல் மாரத்தான் நடந்தது. நுழைவுக் கட்டணம் 1 டாலர். பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடி 42.2 கிலோமீட்டரை நிறைவு செய்ய வேண்டும். புறப்பட்டவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55 பேர். ஒரே ஒரு பெண் புறப்பட்டார், உடல்நலம் ஒத்துழைக்காமல் நடுவில் நின்றுவிட்டார். வென்றவர் ஒரு தீயணைப்பு வீரர். 2019இல் அதே மாரத்தானை முடித்தவர்கள் 53,627 பேர். அவர்களில் பத்துக்கு நால்வர் பெண்கள். அன்று ஒரு டாலருடன் போய் நின்றால் போதும். இன்று குலுக்கலில் பெயர் விழ வேண்டும். இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தவர்களைப் போலப் பல மடங்கு.

இந்த இரண்டு மாரத்தான்களுக்கு நடுவே கூட்டம் பெருகியதோடு, ஓடுபவர் யார் என்பதும் மாறியிருக்கிறது. 1970இல் அந்தப் பூங்காவில் நின்றவர்களில் பெரும்பாலோர் பள்ளியிலோ கல்லூரியிலோ ஓடிப் பழகியவர்கள், ஏதாவது ஓட்டச் சங்கத்தைச் சேர்ந்த ஒல்லியான ஆண்கள். ஓட்டம் என்றால் அவர்களுக்குப் பந்தயம். இன்று வரிசையில் நிற்பவர், நாற்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததால் ஓடத் தொடங்கியவராக இருக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓட்டத்துக்கான ஷூ வாங்கியவராக இருக்கலாம். அவர் யாரையும் முந்த வரவில்லை. போன ஆண்டு தான் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சில நிமிடம் குறைத்தால் அவருக்கு அது பெரிய நாள்.

நேரக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1980இல் அமெரிக்க மாரத்தான்களில் ஓடிய ஆண்களைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் நடு நேரம் ஏறத்தாழ மூன்றரை மணி. 2010களில் அது நான்கேகால் மணியை ஒட்டி வந்துவிட்டது. ஓட்டக்காரர்களின் தரம் தாழ்ந்துவிட்டது என்று பழைய சங்கத்துக்காரர்கள் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். பதக்கம் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் சங்கத்தோழர்களோடு மழையில் ஓடி, மாரத்தானை மூன்று மணிக்குள் முடிக்கும் மனிதர்கள் 1980களின் பிரிட்டனில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் பிறகு அரிதாகிப் போனது ஒரு இழப்புதான். ஆனால் நடு நேரத்தைக் கூட்டியவர்கள், முன்பு வேகமாக ஓடி இப்போது மெதுவாகிவிட்டவர்கள் அல்லர். அவர்கள் முன்பு ஓடியதே இல்லை.

பெரியவர்கள், நோயாளிகள்கூட, மெதுவாக ஓடலாம் என்ற எண்ணம் நியூயார்க்குக்கு முன்பே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தது. ஆர்தர் லிடியார்ட் அங்கே காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விளையாட்டு அறிவியலில் பட்டம் கிடையாது. வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினால் உடலுக்கு என்ன ஆகிறது என்பதைத் தன் உடலிலேயே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளிக்குள் தங்கம் வென்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டருக்காக ஸ்னெல்லை வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஓடவைத்தவர் லிடியார்ட். அதில் பெரும்பகுதி உடலைப் பிழியாத ஓட்டம். அடித்தளம் அகலமாக இருந்தால்தான் அதன் மேல் வேகத்தை ஏற்ற முடியும் என்பது அவர் கண்டறிந்தது.

1962இல் அவர் அதே முறையை, நடுவயதைத் தாண்டிய, சிலர் மாரடைப்பும் கண்ட, சாதாரண ஆண்களிடம் கொண்டுபோனார். ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் அப்படி உருவானது. மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவந்த காலம் அது. அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் ஆக்லாந்து வந்து, லிடியார்டின் குழுவோடு ஒரு காலை ஓடப் போனார். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கும் பயிற்சியாளர், வயது ஐம்பத்தொன்று. மேட்டில் ஏறும்போது அவருக்கு மூச்சு முட்டியது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவர் அவருக்காகப் பின்தங்கி, கூடவே ஓடி வந்தார். ஊர் திரும்பிய பவர்மன் 1963இல் யூஜீன் நகரில் பொதுமக்களுக்கு ஓட்ட வகுப்பு தொடங்கினார். 1967இல் வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து ‘ஜாகிங்’ என்ற நூலை வெளியிட்டார். அவர்கள் தந்த அளவுகோல் மிக எளியது: பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம், பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த நாள்களில் ஓட்டம் என்பது பள்ளி விளையாட்டு விழாவோடும், போலீஸ், ராணுவ ஆள்சேர்ப்போடும் முடிந்துவிடுகிற ஒன்று. முப்பது வயதைத் தாண்டிய ஆள் காலையில் தெருவில் ஓடினால் ‘என்ன சார், வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பார்கள். வாக்கிங் போனவர்கள் உண்டு, ஓடியவர்கள் அபூர்வம். மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியது. சென்னை ரன்னர்ஸ் குழு 2006இல் கூடியது. 2008இல் ஆரோவில்லில் செம்மண் பாதையில் மாரத்தான் ஓடினார்கள். இன்று ஞாயிறு விடியுமுன் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும் மெரினாவிலும் இருட்டில் பளிச்சிடும் சட்டைகளோடு குழுகுழுவாக ஓடுகிறார்கள். அவர்களுக்கு அருகிலேயே, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் மணலில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த இளைஞர்களுக்கு ஓட்டம் இன்னும் அன்றுபோலவே ஒரு வேலைக்கான வாசல். பக்கத்தில் ஓடும் மென்பொருள் மேலாளருக்கு அது வேலையிலிருந்து கிடைக்கும் ஒரு மணி நேர விடுதலை.

பயிற்சி முறையின் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. ஆக்லாந்தில் கண்டறிந்ததை உலகம் பாதி மறந்து, சுற்றிவளைத்து மறுபடி கண்டுபிடித்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஸாட்டோபெக், 400 மீட்டர் ஓட்டங்களை ஒரே நாளில் டஜன் கணக்கில் திரும்பத் திரும்ப ஓடியவர். அவருடைய வெற்றி ‘இன்டர்வல்’ பயிற்சியை உலகமெங்கும் பரப்பியது. முழுநேர வீரருக்குப் பொருந்தியதைப் பொழுதுபோக்காக ஓடியவரும் எடுத்துக்கொண்டார். தினமும் கடிகாரத்தோடு போட்டி, தினமும் களைப்பு. இதற்கு மறுப்பாக 1969இல் அமெரிக்க எழுத்தாளர் ஜோ ஹெண்டர்சன், நீண்ட தூரத்தை மெதுவாக ஓடுவதற்காக ஒரு சிறு நூல் எழுதினார். எல்எஸ்டி (லாங் ஸ்லோ டிஸ்டன்ஸ்) என்று சென்னை ஓட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நீளோட்டத்துக்கு இன்றும் சொல்லும் பெயர் அந்த நூலால் பரவியதுதான்.

பிறகு அறிவியல் வந்தது. ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர் நெடுந்தூரப் போட்டியாளர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று எந்த விளையாட்டானாலும், உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு மிக எளிதான முயற்சியாகவும், மிச்சம் கடுமையானதாகவும் இருப்பதைக் கண்டார். 2014இல் ஸ்பெயினில் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் 30 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பத்து வாரம் பார்த்தார்கள். ஒரு குழு பெரும்பகுதியை எளிதாக ஓடியது. இன்னொரு குழு நடுத்தரக் கடுமையில் அதிகம் ஓடியது. 10 கிலோமீட்டர் நேரத்தில் இரண்டு குழுவும் முன்னேறின. எளிதாக ஓடிய குழுவின் முன்னேற்றம் சற்றே கூடுதல். சிறிய ஆய்வு, வித்தியாசமும் சிறியது. ஆனாலும் ஒன்றை அது காட்டிவிட்டது: கூடுதலாகத் துன்பப்பட்டதற்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

பெரும்பாலான பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் மாட்டிக்கொள்வது இந்த நடுத்தரக் கடுமையில்தான். எளிதான நாளில் கொஞ்சம் வேகமாகப் போய்விடுவார்கள். அந்தக் களைப்பு தீராததால் வேக ஓட்டத்துக்கு உரிய நாளில் கால் எழும்பாது. எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஆறு மாதத்தில் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது, சலிப்பு வரும், பிறகு முழங்காலோ கணுக்காலோ வலிக்கும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் வேண்டும். மூச்சு ‘இன்னும் போகலாம்’ என்று சொல்லும் நாள்களில்தான் கால் அடிபடுகிறது. வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதியை இதற்காகவே பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2008இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓட வந்தவர்களை வைத்து அதைச் சோதித்தபோது, விதிப்படி மெல்ல ஏறியவர்களில் 20.8 விழுக்காட்டினருக்கும் விரைவாக ஏறியவர்களில் 20.3 விழுக்காட்டினருக்கும் காயம் ஏற்பட்டது. ஐந்தில் ஒருவர், எப்படி ஓடினாலும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சதவீதம் கிடையாது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள முடியும். நேற்றைய ஓட்டத்தின் வலி இன்று காலைப் படி இறங்கும்போதும் இருந்தால், அன்று ஓடக்கூடாது. அதைச் சொல்லக் கணக்கு தேவையில்லை.

அளக்கும் கருவிகளைப் பார்த்தால் மாற்றம் வியப்பூட்டும். அன்று தூரத்தை அளக்க ஸ்கூட்டரின் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை பாதையில் போய்வர வேண்டும். இல்லையேல் 400 மீட்டர் மைதானத்தைச் சுற்றி வந்து, எத்தனையாவது சுற்று என்பதை விரலில் எண்ணிக்கொள்ள வேண்டும். நாடித் துடிப்புக்கு நின்று, கழுத்தில் விரல் வைத்து, பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். கம்பியில்லாமல் நாடியைக் காட்டும் முதல் கருவியை ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கொண்டுவந்தது. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் ஓட்டக் கடிகாரம் 2003இல் வந்தது. ஸ்ட்ராவா செயலி 2009இல். இன்று மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் தூரம், வேகம், நாடி, காலடி எண்ணிக்கை, உறக்கம் எல்லாவற்றையும் சொல்லி, நாளைக்கு என்ன ஓடலாம் என்று ஆலோசனையும் தருகிறது.

இதில் கிடைத்தது பெரிது. உடன் ஓட ஆளோ பயிற்சியாளரோ இல்லாத ஒரு சிறு நகரத்தில் இருப்பவரும் தன் முன்னேற்றத்தைத் தானே பார்க்க முடிகிறது. ஆனால் இந்த எண்களை அப்படியே நம்புவதில் ஆபத்து உண்டு. வயதை 220இலிருந்து கழித்தால் அதிகபட்ச நாடித் துடிப்பு வரும் என்ற சூத்திரம் 1971இல் பழைய தரவுகளைத் திரட்டிப் போட்ட ஒரு தோராயக் கணக்கு. அதைத் திருத்தி 2001இல் வந்த சூத்திரம், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அறுபது வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுள்ள இருவரின் உண்மையான உச்சத் துடிப்பில் இருபதுக்கு மேலும் வித்தியாசம் இருக்கலாம். கடிகாரம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரிப்பது பல நேரம் இந்தத் தோராயத்தின் மேல்தான்.

சென்னையில் ஓடுபவருக்கு இன்னொரு சிக்கல், வெயிலும் புழுக்கமும். ஜனவரி விடியலில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடி என்ற வேகத்தில் ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டே ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் அதே விடியலில், அதே சாலையில், அதே வேகம் அவரைத் திணறடிக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிகிறது; உடல் குளிர்வதில்லை. சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் போக வேண்டியிருப்பதால் தசைக்குப் போகும் பங்கு குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து ஜனவரி வேகத்தையே பிடித்து ஓடுபவர், எளிய ஓட்டம் என்று நினைத்துக்கொண்டு தினமும் கடும் ஓட்டம் ஓடுகிறார். ‘எனக்கு ஃபிட்னஸ் போயிடுச்சு’ என்று மனம் தளர்ந்து ஜூனில் நிறுத்திவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதுவும் போய்விடவில்லை. பருவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 1967இல் பவர்மனும் ஹாரிஸும் சொன்ன பேச்சு அளவுகோல் இங்கே தானாகவே சரிசெய்துகொள்கிறது. ஜனவரியில் பேச முடிகிற வேகம் ஒன்று, மேயில் பேச முடிகிற வேகம் வேறொன்று. இரண்டிலும் உடல் படும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. விலையில்லாத இந்தக் கருவி, சென்னைக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. தன் மூச்சைக் கேட்டு வேகத்தை அறியும் பழக்கம் அன்று வேறு வழியில்லாததால் எல்லாருக்கும் வந்தது. இன்று அதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓடச் சொல்லும் பயிற்சியாளர்களை நான் மதிக்கிறேன்.

தண்ணீர் விஷயத்திலும் ஊசல் இரண்டு பக்கமும் போய்த்தான் நடுவில் நின்றது. ஓடும்போது தண்ணீர் குடிப்பது பலவீனம் என்று ஒரு காலம் நினைத்தார்கள். 1990களில், தாகம் எடுக்கும் முன்பே இயன்ற அளவு குடி என்றார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். இன்றைய அறிவுரை, தாகத்துக்குக் குடி என்பது. ஷூவும் மாறியிருக்கிறது. அன்று மெல்லிய அடிப்பாகமுள்ள கேன்வாஸ் ஷூ. இன்று கார்பன் தகடு வைத்த, தடித்த நுரை அடிப்பாகம் கொண்ட, இருபதாயிரம் ரூபாய்க்கும் விற்கும் ஷூ. 2017இல் நைக்கி அந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு உலக நேரங்கள் சரிந்தன. 2020இல் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி போட்டது. ஆனால் வாரம் மூன்று நாள் ஓடுபவருக்குக் காலில் உறுத்தாமல் பொருந்துவதே நல்ல ஷூ. விலைக்கு ஏற்பக் காயம் குறைவதில்லை.

எல்லா மாற்றங்களிலும் ஐயமின்றி லாபம் என்று நான் சொல்லக்கூடியது பெண்களின் வருகை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் உடல் அதைத் தாங்காது என்று சொல்லி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே நடத்தவில்லை. 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானைப் பதிவில்லாமல் ஓடி முடித்தார். 1967இல் பதிவு எண் 261 அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்ஸரைப் பந்தய அதிகாரி ஒருவர் சாலையிலேயே பிடித்திழுத்து வெளியேற்றப் பார்த்தார். பாஸ்டனில் பெண்கள் முறைப்படி ஓடியது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல். இன்று சென்னையில் விடியுமுன் நாலரை மணிக்கு ஒரு பெண் தனியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடக் கிளம்புவது இன்னும் எளிதல்ல. தெருவிளக்கு, தெருநாய், பைக்கில் பின்தொடர்பவர் எல்லாவற்றையும் யோசித்தே அவர் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார். குழுவாக ஓடுவது ஆணுக்கு உற்சாகத்துக்காக. பெண்ணுக்கு அது பாதுகாப்பும்கூட. அந்தக் குழுக்கள் இல்லையென்றால் இன்று கடற்கரையில் ஓடும் பெண்களில் பாதிப் பேரைப் பார்க்க முடியாது என்பது என் கணிப்பு.

உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் பதில் இந்தக் குழுவில்தான் இருக்கிறது. அன்று ஓடியவரை விடியலில் எழுப்பியது, தெருமுனையில் காத்திருந்த நண்பர். வராவிட்டால் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். பதக்கம் இல்லை, டி-ஷர்ட் இல்லை, ஓடியதை யாரிடமும் காட்டவும் இல்லை. ஒரு டைரியில் ‘5 மைல், மழை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலைக்குப் போனார்கள். இன்று எழுப்புவது செயலியின் அறிவிப்பு, தொடர்ந்து எத்தனை நாள் ஓடினோம் என்ற கணக்கு, ஓட்டத்தைப் பார்த்து நூறு பேர் தரும் பாராட்டுக் குறி. இவையும் மனிதரை எழுப்பத்தான் செய்கின்றன. 1996இல் அமெரிக்காவில் ஜாஷ் கிளார்க் உருவாக்கிய ஒன்பது வாரத் திட்டம், ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று தொடங்கி, ஓடியே அறியாத பல லட்சம் பேரைத் தொடர்ந்து அரை மணி நேரம் ஓடவைத்திருக்கிறது. கைப்பேசியில் கேட்கும் ஒரு குரல் இப்போது ஓடு, இப்போது நட என்று சொல்லிக்கொண்டே வருவது, தனியாகத் தொடங்குபவருக்குப் பெரிய துணை.

ஆனால் காட்டுவதற்காக ஓடும்போது மெதுவாக ஓட மனம் வராது. எளிய நாளின் வேகம் நண்பர்கள் பார்வையில் குறைவாகத் தெரியுமே என்று கொஞ்சம் வேகம் கூட்டுகிறோம். அங்கேயே பயிற்சி கெட்டுவிடுகிறது. தொடர்ச்சி அறுந்துவிடக்கூடாது என்று காய்ச்சலிலும் கால் வலியிலும் ஓடுபவர்கள் உண்டு. நண்பர் காத்திருந்த காலத்தில், ‘கால் வலிக்குதுடா’ என்றால் ‘இன்னிக்கு ரெஸ்ட் எடு, நாளைக்குப் பாப்போம்’ என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். செயலி அப்படிச் சொல்வதில்லை. தொடர்ச்சி அறுந்தால் மறுபடி ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

பழையதையும் புதியதையும் நன்றாகச் சேர்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹியூவிட் தன் நண்பர்களோடு 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை நடத்தினார். ஓடியவர்கள் 13 பேர், உதவியவர்கள் 5 பேர். முடித்த வரிசையைக் குறிக்க, இரும்புக் கடையில் வாங்கிய வாஷரில் எண் பொறித்துக் கொடுத்தார்கள். பார்க்ரன் என்று இன்று உலகறியும் அந்த ஓட்டம் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சனிக்கிழமைதோறும், கட்டணமில்லாமல், தன்னார்வலர்களால் நடக்கிறது. வாஷருக்குப் பதில் இப்போது பார்கோடு. தொடக்க ஆண்டுகளில் சராசரி நேரம் 22 நிமிடத்தை ஒட்டியிருந்தது. இன்று 30 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. நடத்துபவர்கள் இதைக் குறையாகக் கருதவில்லை. மெதுவானவர்கள், நடப்பவர்கள், வயதானவர்கள் வந்து சேர்ந்ததற்கான அடையாளமாகவே பார்க்கிறார்கள். கடைசியாக வருபவரோடு ஒரு தன்னார்வலர் கூடவே நடந்து வருகிறார். ஆக்லாந்தின் மேட்டில் பவர்மனுக்காகப் பின்தங்கிய அந்த முதியவர் செய்ததை இன்று ஒரு ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் மாறியிருக்கிறது. அது மாறியது நல்லது. 1970களில், மாரத்தான் ஓடுபவருக்கு மாரடைப்பே வராது என்று சில மருத்துவர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் ஓட்ட அலையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜிம் ஃபிக்ஸ். 1977இல் அவர் எழுதிய நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முப்பத்தைந்து வயது வாக்கில் பருமனும் சிகரெட்டுமாக இருந்தவர், ஓடத் தொடங்கி இரண்டையும் விட்டார். 1984 ஜூலையில், 52 வயதில், ஓடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்தார். அவருடைய இதய நாளங்கள் பெருமளவு அடைபட்டிருந்தன. அவருடைய தந்தைக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43 வயதில் மரணம். ஓட்டம் இதயத்தைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. பரம்பரையையும் பழைய பழக்கத்தின் சேதத்தையும் அது முற்றிலும் அழிப்பதில்லை என்பதையும் இன்று அறிந்திருக்கிறோம்.

ஆகவே தொடங்க நினைப்பவர்களுக்கு: நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இள வயதில் மாரடைப்பு வந்திருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். கடிகாரம் வாங்கும் முன் கூட ஓட ஒரு ஆளைத் தேடுங்கள். அது கணவனோ மனைவியோ, எதிர்வீட்டுக்காரரோ, குழுவோ யாராக இருந்தாலும் சரி. வாரத்தில் மூன்று நாள் போதும். பேசிக்கொண்டே ஓடுங்கள்; பேச்சு நின்றால் நடங்கள். மே மாதத்தில் ஜனவரியின் நேரத்தைத் தேடாதீர்கள். உடன் ஓடுபவரால் ஒரு நாள் வேகமாக ஓட முடியாவிட்டால், அவருக்காகக் கொஞ்சம் பின்தங்குங்கள்.